சட்டாம்பிள்ளை சொல்லும் பாடம்

கல்வியைக் கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் மற்றொருவர். கொடுப்பவர் எத்துணை வாரி வழங்கினும், கொள்பவர் கையில் இருப்பது குடமா, குவளையா என்று பாராது வழங்கினால் பெரும்பகுதி தரையிற் சிந்திப் போகும். இஃது எல்லோரும் அறிந்த உண்மையே. ஆயினும் ஒரு பிள்ளை படிக்கவில்லை என்றவுடன் நாம் முதலிற் குறை காண்பது பிள்ளையிடம். அடுத்துக் குறை காண்பது ஆசிரியரிடம். இருவருக்கும் இடையே நிற்கும் கற்பிக்கும் முறையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்குழு கூடியபோது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைத் தொடர்ந்து நடத்துவதா, நிறுத்திவிடுவதா என்ற வினா எழுந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தது. இக்காலப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாட்டமில்லை என்றார் சிலர். தொலைபேசித் திரை அவர்களைக் கெடுத்துவிட்டது என்றார் வேறு சிலர். முடிவு இவ்வாண்டுக்கு ஒத்தி வைக்கப்பட்டது. அன்று வகுப்பை நிறுத்திவிடலாம் என்று கை தூக்கியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். அதன்பின் நம் சொந்த ஊரின் பழைய கல்வி வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அது எம் கருத்தை மாற்றியது. மாறியவாறு எங்ஙனம் என்பதை இம்மலரில் எழுத விழைகிறோம்.

நிலத்தெழுத்து ஆசான்

எமது ஊர் பெருங்கடவிளை. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, நெய்யாற்றை ஒட்டிய ஊர். பாறசாலையும் அதனைக் கடந்தால் தமிழகத்தின் குழித்துறையும் எட்டிவிடும் தொலைவிலேயே உள்ளன. 1888ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் எங்கள் ஊராட்சிக்கு உட்பட்டதே. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் இடத்துக்கு இது முன்மாதிரியாக விளங்கட்டும் என்ற கருத்தை அங்கே அவர் எழுதி வைத்தார். வீட்டிலே தமிழும் சந்தையிலே மலையாளமும், சில வேளைகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் பேசுவோர் வாழும் எல்லைப்புறம் அது.

எம் பாட்டனார் சிறுவராயிருந்தபோது அப்பகுதியில் எழுத்தறிவித்தவர் 'நிலத்தெழுத்து ஆசான்' எனப்பட்டவர். தரையிலே மணலைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரையச் செய்வார் ஆசான். எழுதும்போதே அவ்வெழுத்தின் ஒலியைப் பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும். பிழைத்தால் மணலை நிரவிவிட்டு மீண்டும் எழுதலாம். தாளுக்கும் மைக்கும் செலவில்லை, பிழைக்குத் தடயமுமில்லை. மணலில் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். தமிழகத்தில் திண்ணைப் பள்ளி என்று வழங்கியதும் ஏறக்குறைய இம்முறையே. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று அங்கே பாடம் படிப்படியாக ஏறும்.

இப்பள்ளிகளில் ஒரு சிறப்பு உண்டு. எந்தப் பிள்ளைக்கும் 'இந்த வயதில் இந்த வகுப்பு' என்ற கணக்கு இல்லை. ஐந்து வயதிற் சேர்ந்தவனும் ஒன்பது வயதிற் சேர்ந்தவனும் அதே மணலில்தான் தொடங்குவர். விரைவில் கற்றவன் ஓலைக்குச் செல்வான். மெல்லக் கற்பவன் இன்னும் சில திங்கள் மணலிலேயே இருப்பான். அவனை 'தோற்றவன்' என்று எழுதி வைக்க அங்கே பதிவேடு இல்லை.

ஆசான் ஒருவரே; பிள்ளைகளோ பலர். ஆகவே முந்திக் கற்ற பிள்ளை பிந்திக் கற்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனே சட்டாம்பிள்ளை. மலையாளத்தில் அவனுக்குப் பெயர் சட்டம்பி.

நன்னூலார் வகுத்த பங்கு

சட்டாம்பிள்ளை முறை ஆசிரியர் பஞ்சத்தால் மட்டும் வந்தது என்று கருதுதல் பொருந்தாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் இதற்கு ஓர் அடிப்படையே வகுத்துள்ளார். ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு. தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் கணக்கு. சட்டாம்பிள்ளை சிறுவர்க்கு உதவுகிறான் என்பது பாதி உண்மை. அவன் தன் கல்வியைத் தானே நிறைவு செய்துகொள்கிறான் என்பது மற்றப் பாதி.

அதே பாயிரத்தில் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகையாக்கி உவமை கூறுகிறார். அன்னமும் ஆவும் போல்வார் முதல்வர். மண்ணும் கிளியும் போல்வார் இடையர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒப்பார் கடையர். இந்த உவமைகளைப் பிள்ளைகளை ஏசுவதற்குப் பயன்படுத்திய ஆசிரியரை நாம் இளமையிற் கண்டிருக்கிறோம். 'எருமை' என்னும் சொல் எம் காதில் விழாத நாள் அரிது. ஆனால் அந்நூலே ஆசிரியருக்கும் ஒரு கட்டளை இடுகிறது: இடமும் காலமும் பார்த்து, கொள்பவனின் கொள்ளும் திறம் அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு பாடம் சொல்ல வேண்டும் என்கிறது. எருமையையும் கிளியையும் ஒன்றாக ஓட்டிவிட்டு, எருமை பறக்கவில்லையே என்று சினத்தல் ஆசிரியப் பணியன்று. மாணாக்கரின் வேற்றுமையை அறிவது அவர்களுக்குப் பட்டம் சூட்டுவதற்கன்று. பாடத்தைப் பொருத்தி அமைப்பதற்கே.

கலெக்டர் கண்ட பள்ளி

பழைய பள்ளியைப் புகழ்ந்து கொண்டே போவதும் நேர்மையன்று. அதன் நிறையையும் குறையையும் ஒருங்கே பதிவு செய்த சான்றுகள் உள.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் நாட்டுப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்தளித்த குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அம்மாணாக்கருள் சிறுமியர் 4,540 பேரே. பள்ளியின் கதவு யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை சுவையானது. அம்மாவட்டத்துப் பள்ளிகள் தெலுங்கும் கன்னடமும் கற்பித்தவை. ஆயினும் நம் திண்ணைப் பள்ளியின் உருவமே அங்கும் காணப்படுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம், இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னர் வருவோருக்கு ஒவ்வொன்றாகக் கூடும். பிள்ளைகள் பொதுவாக நான்கு வகுப்புகளாக அமர்வர். கீழ் வகுப்புகளைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்வர். ஒருவன் மேல் வகுப்புக்குப் போவது அவன் திறத்தையும் முன்னேற்றத்தையும் பொறுத்தது. முந்திக் கற்றவன் பிந்தியவனுக்குக் கற்பித்துத் தன் அறிவையும் உறுதிப்படுத்திக் கொள்ளும் இந்த ஏற்பாடு போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் காம்ப்பெல் எழுதினார்.

குறையையும் அவர் மறைக்கவில்லை. பாடநூல்கள் பேச்சு வழக்கினின்று மிக வேறுபட்ட செய்யுள் நடையில் இருந்தமையால், பிள்ளைகள் பொருள் அறியாமல் கிளி போல ஒப்பித்தார்கள் என்கிறார். சோம்பிய பிள்ளைகளைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடும் தண்டனையையும் குறிக்கிறார். நம் முன்னோர் 'கோதண்டம்' என்று நடுக்கத்துடன் சொன்னது அதுவே. பிள்ளைக்கு ஏற்ற படி இருந்தது. பிள்ளைக்கு ஏற்ற மொழியும், பிள்ளைக்கு ஏற்ற கனிவும் இல்லை. இக்குறிப்பை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது எவ்வாறு? விடுமுறைக்குச் சென்று எழும்பூர் நிலையத்தில் வந்திறங்கும் நம்மவருள் எத்தனை பேர் அறிவர், உலகக் கல்வி வரலாற்றின் ஓர் அத்தியாயம் அவ்வெழும்பூரிலேயே தொடங்கிற்று என்பதை?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரிலிருந்த, படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் வழியிலே ஒரு நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியரைப் பணித்தார், ஆசிரியர் உடன்படவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்துச் சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் இச்சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பரவிற்று. 1832இல் காலமான பெல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவிய பள்ளி 'மதராஸ் கல்லூரி' என்றே இன்றும் வழங்குகிறது. திண்ணையின் பெயர் கடல் கடந்து நிற்பது நமக்குப் பெருமையே.

ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய பள்ளியை நடத்தினார். ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் சிறுவர்க்குக் கற்பிக்கலாம் என்பது அவர் திட்டம். நீண்ட விசுப்பலகைகள், வரிசை வரிசையாகப் பிள்ளைகள், வரிசைக்கொரு சட்டாம்பிள்ளை, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கட்டளை என்று பள்ளி ஓர் ஆலை போல இயங்கிற்று. குற்றம் செய்த சிறுவனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் தண்டனையும் அங்கே இருந்தது. நம் கோதண்டம் வேறு வடிவில் அங்கும் தோன்றியது போலும்! செலவு குறைந்தது, தொகை பெருகிற்று. ஆயினும் பத்து வயதுச் சட்டாம்பிள்ளை தான் மனப்பாடம் செய்ததையே பிறருக்கு ஒப்பித்தான். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கும் ஆசானின் கண் அங்கே இல்லை. குறைகள் வெளிப்படவே, 1846 முதல் இங்கிலாந்து அரசு பதின்மூன்று வயது நிரம்பிய மாணவர்களைச் சம்பளத்துடன் பழக்கி ஆசிரியராக்கும் வேறொரு முறைக்குத் திரும்பிற்று.

முறை ஒன்றே; விளைவு இரண்டு. திண்ணையில் அது பிள்ளையின் நடையைப் பின்தொடர்ந்தது; லங்காஸ்டர் பள்ளியில் பிள்ளை அதன் நடைக்கு ஓட வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டையே இக்கட்டுரையின் உயிராக நாம் கருதுகிறோம்.

சட்டம்பியும் மூடிய கதவும்

மீண்டும் எங்கள் பக்கம் வருவோம். கேரளத்தின் பெருந்துறவிகளுள் ஒருவர் சட்டம்பி சுவாமிகள் (1853–1924). வறிய குடும்பத்தில் ஐயப்பன் என்ற பெயரோடு வளர்ந்தவர். திருவனந்தபுரம் பேட்டையில் இராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் பயின்றபோது, ஆசான் இவரைச் சட்டம்பியாக அமர்த்தினார். துறவு பூண்ட பின்னும் அப்பெயரே நிலைத்துவிட்டது. இன்று மலையாளப் பேச்சில் சட்டம்பி என்றால் போக்கிரி என்று பொருள்படும் அளவுக்குச் சொல் தேய்ந்துள்ளது. எனினும் அதன் தொடக்கம் பள்ளித் தரையிலேதான். ஸ்ரீ நாராயண குருவும் துறவுக்கு முன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி 'நாணு ஆசான்' எனப் பெற்றவர். தமிழ் நன்கு கற்றுத் தமிழிலும் பதிகங்கள் பாடியவர்.

இத்தகைய ஆசான்கள் வாழ்ந்த மண்ணிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே ஆணையிட்டார். எனினும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்தும் புலையர் குலப் பிள்ளை பள்ளியின் வாசலை மிதிக்க முடியவில்லை. வெங்ஙானூரிற் பிறந்த அய்யன்காளி (1863–1941) 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, பள்ளி நுழைவுரிமைக்காகப் போராடினார். 1910களில் பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்தார். அவ்வூர் அந்நாளில் எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. சிறுமி அமர்ந்ததைப் பொறாத சிலர் அப்பள்ளிக்குத் தீ வைத்தனர். பாதி எரிந்த விசுப்பலகை ஒன்று அங்கே இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அப்பள்ளியும் அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பாடத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னே, பிள்ளை உள்ளே வரலாமா என்னும் வினா உண்டு. உள்ளே வாராத பிள்ளைக்கு எந்த முறையும் முறையன்று. எம் இளமையில் ஊரூட்டம்பலம் வழியாகப் பலமுறை சென்றிருக்கிறோம். அந்தப் பலகையைப் பற்றி ஒருவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு 'க'வும் நான்கு 'க'வும்

1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது. வீட்டுப் பேச்சோ கோட்டின் இருபுறமும் பழையபடியே இருந்தது. அதே 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழி அரசியலமைப்பிற் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிற் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. ஆயினும் எல்லா ஊர்களுக்கும் அவ்வசதி எட்டிவிடவில்லை.

நாம் சேர்ந்தது மலையாளப் பள்ளியில். மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள். நான்குக்கும் ஒலி வேறு. தமிழுக்கு ஒரே 'க' போதும். இடம் நோக்கி ஒலி மாறும். தமிழ் வீட்டிலிருந்து வந்த எம் செவிக்கு அந்நான்கின் வேற்றுமை பிடிபடவில்லை. சொல்வதெழுதுதலில் பக்கம் முழுதும் சிவப்புக் கோடு. பாடம் தெரியாமையாற் செய்த பிழை இது என்று ஆசிரியர் எண்ணினார். அறிவு குறைவாற் செய்த பிழை என்று நாமே எண்ணினோம். வேறொரு மொழியின் செவியோடு கேட்டதால் வந்த பிழை என்று விளக்க எவரும் இல்லை. பத்தாம் வகுப்பைத் தேறியதோடு படிப்பு நின்று, தேர்வெழுதி இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தோம்.

பல்லாண்டுகள் கழித்து, இக்குடியிருப்பில், எம் இளைய மகன் மூன்றாம் வகுப்பில் ஓர் இந்தி நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். 'உணவு தயாராக உள்ளது' என எழுத வேண்டிய இடத்தில் 'பாட்டு தயாராக உள்ளது' என்று எழுதியிருந்தான். இந்தியில் உணவுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் எழுத்தாகிய ககர வகையில் மட்டுமே. தமிழில் எழுதினால் இரண்டும் 'கானா' தான். வகுப்பே சிரித்ததாம். பள்ளியிலிருந்து வந்த குறிப்பில், பிள்ளைக்குப் புத்தி மந்தம், தனிப்பயிற்சி தேவை என்று இருந்தது. அதனைப் படித்தபோது எம் பழைய சிவப்புக் கோடுகள் கண்முன் தோன்றின.

அவனைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். வயதுக்கு ஏற்ப மூன்றாம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்து அமர்த்தினார்கள். அவனுக்கோ அகரமே தெரியாது. மூன்று ஞாயிறு சென்றான். நான்காம் ஞாயிறு, "அப்பா, அங்கேயும் நான்தான் கடைசி," என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். நாம் அவனைக் கடிந்துகொண்டோம். அதன் பிறகே, வகுப்பை நிறுத்தலாம் என்று பொதுக்குழுவிற் கை தூக்கினோம்.

திண்ணை திரும்பி வந்த கதை

அண்மைக் கால வரலாறு இங்கே நமக்குத் துணை செய்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கிற்று. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை ஒட்டியது அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து ஓர் ஏணியாக அமைந்தது. ஒவ்வொருவரும் தாம் நிற்கும் படியிலிருந்து ஏறினர். ஒரு நாள் வாராத பிள்ளை மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கி வந்தது. 2007–08இல் மாநிலமெங்கும் இம்முறை விரிந்தது. திண்ணையை நேரிற் காணாத தலைமுறைக்குத் திண்ணை வேறு உருவில் திரும்பிற்று எனின் மிகையன்று. அட்டையை எடுத்து வைப்பதே கற்பித்தல் என்று கருதிய இடத்தில் அதுவும் வெறும் சடங்காகத்தான் இருந்திருக்கும். லங்காஸ்டரின் பாடம் இங்கும் பொருந்தும்.

பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடியிருந்த பின்னர், 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாக அமைத்தனர். எருமை, ஓட்டைக் குடம் என்று சொன்ன நாவுக்கு இப்பெயர்கள் ஒரு பரிகாரம் போல எமக்குத் தோன்றுகின்றன. அரும்பைக் கண்டு மலரவில்லையே என்று ஏசுவார் எவருமில்லை.

மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் சில ஆண்டுகள் நடந்த ஒரு சோதனையும் குறிக்கத்தக்கது. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், படிப்பில் பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அப்பகுதி இளம்பெண்களைக் கொண்டு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பித்தது. அப்பெண்களுக்கு 'பால்சகி', அதாவது குழந்தையின் தோழி என்று பெயர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் இதனை அளந்து பார்த்து, பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர் என்று கண்டனர். இத்தகைய ஆய்வு நெறிக்காக இவ்விருவரும் மைக்கேல் கிரெமரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். பால்சகியும் நம் சட்டாம்பிள்ளைக்குத் தூரத்து உறவுதான்.

நம் வகுப்பு

கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளையின் கதையை முடிக்க வேண்டும். எம் குடியிருப்பின் கோடி வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி உண்டு. மாலை வேளையில் அவள் தன் தம்பிக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள். எம் மகன் வேடிக்கை பார்க்கப் போனான். "நீயும் உட்கார், தம்பி," என்று ஒரு தட்டில் கோதுமை மாவைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னாளாம். நிலத்தெழுத்து ஆசானைப் பற்றி அவள் கேள்விப்பட்டதில்லை. "இந்திக்கு நாலு 'க', தமிழுக்கு ஒன்றுதான், உனக்கு வேலை குறைவு," என்று அவள் சொன்னது அவனுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. ஆறு மாதத்திற்குள் எம் பாட்டனாரின் பழைய கடிதம் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தான். இந்தி நோட்டிலும் சிவப்புக் கோடு குறைந்தது. ஏனெனில் இரு மொழிக்கும் செவி வேறு என்பதை அவன் அறிந்துகொண்டான். மந்தம் பிள்ளையிடம் இருக்கவில்லை. அவன் நின்ற படிக்கும் நாம் வைத்த படிக்கும் இடையே இருந்த உயரமே மந்தமாகத் தோன்றிற்று.

ஆகவே இவ்வாண்டுப் பொதுக்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, ஞாயிற்று வகுப்பில் வயதையும் பள்ளி வகுப்பையும் நோக்காமல், பிள்ளை தமிழில் எதுவரை படிக்கிறது என்பதை நோக்கி மூன்று பாய் விரிப்போம்: எழுத்துக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று, வாக்கியத்திற்கு ஒன்று. எட்டாம் வகுப்பு அண்ணனும் முதல் வகுப்புத் தங்கையும் ஒரே பாயில் அமர நேர்ந்தால் அதில் இழிவில்லை. திங்களுக்கு ஒரு முறை பாய் மாறலாம்.

இரண்டாவது, முந்திக் கற்ற பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகளாக அமர்த்துவோம். ஒருவருக்கு நான்கு பேருக்கு மேல் ஒப்படைக்க வேண்டா. அடிக்கவும் அதட்டவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆசிரியர் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியேனும் படிக்கக் கேட்க வேண்டும். ஆசானின் கண் இல்லாத சட்டாம்பிள்ளை முறை என்ன ஆயிற்று என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, இந்தி வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் பிள்ளை தமிழில் செய்யும் பிழையைக் கண்டு எவரும் நகைக்கலாகாது. அது எந்த மொழியின் செவியோடு வந்தது என்பதை முதலில் கேட்போம்.

நான்காவது, சொல்லத் தயங்கினும் சொல்லியே ஆக வேண்டியது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒப்பந்த வேலைக்கு வந்து தங்கியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பல உள. சங்கச் சந்தா செலுத்தாமையால் அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புக்கு வருவதில்லை. 'வரக்கூடாது' என்று நாம் எழுதி வைக்கவில்லை. 'வாருங்கள்' என்று சொன்னதும் இல்லை. ஊரூட்டம்பலத்தில் எரிந்த பலகையை நினைக்கும்போது, தீ வைக்காமலும் ஒரு கதவை மூடி வைக்க இயலும் என்று எமக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளின் வகுப்புக்குச் சந்தா வேண்டா என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் நம் சங்கம் உயரும். தொகை குறைந்த வகுப்பும் நிரம்பும்.

இவற்றை எழுதும் நமக்குப் பெரும்படிப்பு இல்லை. கணக்குப் பேரேட்டோடு காலங்கழிப்பவர் நாம். பேரேட்டில் ஒரு தொகை பொருந்தாவிடில், தொகையைக் குறை கூற மாட்டோம். எந்த வரியிற் பிழை புகுந்தது என்று திரும்பிப் பார்ப்போம். பிள்ளைகள் கணக்கிலும் அவ்வாறே செய்வோமாக. சென்ற ஆண்டு தூக்கிய கையை இவ்வாண்டு வகுப்பைத் தொடர்வதற்காகத் தூக்கக் காத்திருக்கிறோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் பிள்ளைகளின் தமிழ்!